ஸ்மராக்தாவின் வயிற்றில் தண்ணீர்

கட்டிக் கிடக்கும்போது ஒரு சொட்டுக்கூட இல்லை. சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்பினால் மட்டும் ஸ்மராக்தா என்ற அந்தப் படகின் அடிவயிற்றில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர்.

படகின் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அர்கீரோவுக்கு இது விளங்கவே இல்லை. ஓட்டை என்றால் ராப்பகலாக ஒழுக வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் ஏறிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டா ஓர் ஓட்டை ஒழுக ஆரம்பிக்கும்?

அவள் பார்க்காத இடம் பாக்கியில்லை. எந்தப் படகிலும் முதல் சந்தேகம் படகை உந்தும் விசிறியின் தண்டு மேல்தான் விழும். இஞ்சினிலிருந்து புறப்பட்டுப் படகைத் துளைத்துக்கொண்டு அது கடலுக்குள் போகிறதே, அந்த வாய். அங்கே கொழுப்புத் தடவிய திரியைப் புதிதாகச் சுற்றி இறுக்கினாள். இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றி மாட்டினாள். முக்குளிப்பவன் ஒருவனை இறக்கி அடிப்பலகை முழுவதையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். “குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் மேலே வந்தான். ஒரு நாள் ஆளே இல்லாமல் தான் மட்டும் கடல்நாய்க் குகை வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். அதே இஞ்சின், அதே வழி. அடித்தட்டு வறட்டி போலக் காய்ந்து கிடந்தது.

அப்படியென்றால் இஞ்சினும் குற்றவாளி இல்லை, குழாயும் இல்லை. மிச்சமிருப்பது மனிதர்கள். அந்த நினைப்புத்தான் அவளை அரித்தது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா பந்தெலிஸ் ரொட்டியைப் பிய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் அவள் காதில் இருந்தது. “காரணம் தெரியாத தண்ணியை வயித்துல வெச்சுக்கிட்டு நான் ஜனங்களை ஏத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமை சூரியன் மறையறதுக்குள்ள தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியணும். தெரியலேன்னா லவ்ரெந்திஸ் எடுத்துட்டுப் போகட்டும்.”

லவ்ரெந்திஸ் மலைச்சரிவில் புது ஓட்டல் கட்டுகிறவர். ஸ்மராக்தாவை வாங்கி, இஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நீச்சல் குளத்தின் ஓரம் புல்தரையில் நிறுத்தி, அதற்குள் ஓர் ஆளை நிற்க வைத்து மது ஊற்றிக் கொடுக்கப் போகிறார். அதுதான் அவர் திட்டம். அப்பா அந்தக் கெடுவை அவரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால், சாயங்காலம், தம்பி ஸ்தாதிஸ் படகின் இஞ்சின் அறை மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெளியே ஏறி வந்ததை அர்கீரோ தற்செயலாகக் கண்டாள். இஞ்சின் அவள் பொறுப்பு. டிக்கெட் விற்பவனுக்குக் கீழே என்ன வேலை?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலையில் படித்துறைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, இஞ்சின் அறை மூடிக்குப் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான்.

ஸ்தாதிஸ் கையில் ஐஸ் காபியோடு வந்து அந்தப் பூட்டைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

“என்னக்கா, இஞ்சினை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானா? நாலு பேர் சேர்ந்தாலும் அசையாதே அது.”

“தூக்கிட்டுப் போறவனுக்காகப் போடலை.”

“பின்ன?”

“உள்ள இறங்கறவனுக்காக.”

அவன் உறிஞ்சிக்கொண்டிருந்த குழல் பாதியில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் படித்துறையில் வைக்கோல் தொப்பி ஒன்று அசைந்து வந்தது.

“கேப்டன்! இன்னிக்கு நானும் ஒரு டிக்கெட்டு” என்றார் லவ்ரெந்திஸ். வந்தவர் ஏறவில்லை. ஸ்மராக்தாவின் நீல விலாவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணாலேயே அளந்தார். “அடடா, என்னா கலரு. புல்தரைல நின்னா கண்ணு கூசும்.”

“இப்ப கடல்ல நிக்குது” என்றார் பந்தெலிஸ், சுக்கான் அறையிலிருந்து. “ஏறுங்க. உக்காருங்க. எதையும் தொடாதீங்க.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. கிரேக்கத் தீவுகளைக் கோடையில் வாரக்கணக்காக வாட்டும் மெல்தேமிக் காற்று இன்று அடங்கியிருந்தது. காற்றடித்த நாளெல்லாம் அறைக்குள் அடைந்து கிடந்தவர்கள் அத்தனை பேரும் இன்று கடலுக்கு வந்துவிட்டார்கள். முதுகெல்லாம் செக்கச் சிவந்த ஆங்கிலேயத் தம்பதி, மூன்று பிள்ளைகளோடு ஒரு டச்சுக்காரி, தேனிலவுக்கு வந்த ஏதென்ஸ் ஜோடி. அம்மா வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த தக்காளிக் கூடையும் ஆட்டுப்பால் கட்டியும் தர்பூசணிகளும் நடுத்தட்டில் ஏறின. ஸ்தாதிஸ் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்து ஏற்றினான். அக்கா நின்ற பக்கம் மட்டும் அவன் பார்க்கவில்லை.

*

துறைமுக வாயைத் தாண்டியதும் அர்கீரோ பூட்டைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெள்ளைக் கடற்கரையில் குளிக்க நிறுத்தியபோது மறுபடி பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பப் பூட்டினாள்.

அடுத்தது குகை.

கடல்நாய்க் குகை தீவின் மேற்குப் புறத்தில் ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் இருக்கிறது. பந்தெலிஸ் படகை அதன் வாய்க்குக் கொண்டுபோய், பாறையை எப்போதும் வலப்பக்கம் வைத்து நிறுத்துவார். அது வெறும் பழக்கம் இல்லை. ஸ்மராக்தாவின் விசிறி சுற்றுகிற திசைக்கு, பின்னோக்கி எடுக்கும்போது படகின் பின்பகுதி தானாக இடப்பக்கம் ஒதுங்கும். பாறை வலப்பக்கம் இருந்தால் அந்த ஒதுக்கம் படகைப் பாறையிலிருந்து விலக்கிவிடும். இடப்பக்கம் இருந்தால் பாறை மேலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே குகையைப் பார்க்க வேண்டுமானால் எல்லோரும் வலப்பக்கக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“அப்பா, இஞ்சின் சூட்டைப் பார்த்துட்டு வரேன்.”

“சூடெல்லாம் ஒண்ணுமில்லை. நீ போலீஸ் வேலை பார்க்கப் போறே” என்றார் அவர் திரும்பாமல். “போ. சீக்கிரம் வா.”

அவள் இறங்கி மூடியைத் தலைக்கு மேல் சாத்திக்கொண்டாள். டீசல் வாடை, சூடு, இஞ்சினின் மந்தமான முனகல். கையில் இருந்த டார்ச்சால் இங்கும் அங்கும் அடித்துப் பார்த்தாள். டார்ச்சில் ஒரு சங்கடம் உண்டு. அது காட்டுகிற இடம்தான் கண்ணுக்குத் தெரியும், சந்தேகப்படாத இடம் இருட்டாகவே கிடக்கும். தண்ணீர் வரும் சத்தத்தையாவது கேட்கலாம் என்று அவள் விளக்கை அணைத்தாள்.

அணைத்ததும் வெளிச்சம் தெரிந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். வலப்பக்க விலாவில், மேல்தட்டுக்குக் கீழே, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மயிரிழை அளவில் பொன்னிறக் கோடுகள். ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே துண்டு துண்டாக ஒன்று. வெளியே இருக்கும் வெயில் படகுக்குள் எட்டிப் பார்த்தது.

கத்தி முனையால் அங்கே குத்திப் பார்த்தாள்; இறங்கவில்லை. இத்தனை நாளும் எல்லோரும் தேடியது தண்ணீருக்குள் இருக்கும் பலகையில். இந்தக் கோடுகளோ தண்ணீருக்கு மேலே, காற்றில் இருக்கும் பலகையில். அங்கே எவன் பார்ப்பான்?

அப்போது தலைக்கு மேல் யாரோ “அதோ! அதோ!” என்று பல பாஷைகளில் கத்தினார்கள். நிஜமாகவே கடல்நாய் ஒன்று தலை நீட்டியிருக்க வேண்டும். தடதடவென்று காலடிகள் முழுக்க வலப்பக்கம் ஓடின. ஸ்மராக்தா மெல்ல, பருத்த உடம்புக்காரி ஒருக்களித்துப் படுப்பதுபோல, வலப்பக்கம் சாய்ந்தாள்.

கீழ்க்கோடு பொன்னிறத்திலிருந்து பச்சையானது. பிறகு அணைந்தது. அது அணைந்த இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பியது. அடுத்த கோடும் பச்சையாகி அணைந்தது. முத்துகள் சேர்ந்து, பலகையின் நீளம் முழுவதும் மெல்லிய திரையாக வழியத் தொடங்கின.

படகு சாயும்போது மட்டும் இந்த இடுக்குகள் கடலுக்குள் போகின்றன. ஆள் இல்லாவிட்டால் சாய்வில்லை. கட்டிக் கிடந்தாலும் சாய்வில்லை. ஒழுக்குக்கு டிக்கெட் வாங்கியவர்கள் தேவைப்பட்டது ஏன் என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பலகை ஏன் இப்படி வாய் பிளந்தது என்பது புரியவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. மற்ற நாளைவிட இன்று கூட்டம் அதிகம், சாய்வும் அதிகம். உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் பம்பு முக்கி முனகியது. வலப்பக்கத் தாங்கியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் அடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. பேட்டரி நனைந்தால் பம்பு நிற்கும். வலப்பக்கம் பாறை கைக்கெட்டும் தூரத்தில்.

அவள் மூடியை முட்டித் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது ஸ்தாதிஸின் செருப்பு.

“ஸ்தாதி! எல்லாரையும் இடப்பக்கம் கூட்டிட்டுப் போ. இப்பவே. ஆனா யாரும் பயந்துடக் கூடாது.”

அவன் அவள் முழங்கால் வரை நனைந்திருப்பதைப் பார்த்தான்.  ஒலிபெருக்கியை எடுத்தான். அவன் குரலில் தேன் வழிந்தது.

“அன்பு விருந்தினர்களே, இடப்பக்கம் பாருங்க! டால்ஃபின்! ரெண்டு! இல்லை, மூணு!”

கடல்நாயை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் இடப்பக்கம் பாய்ந்தது. ஸ்மராக்தா நிமிர்ந்தாள். வலப்பக்கக் கோடுகள் மறுபடி பொன்னிறமாக எரிந்தன. அர்கீரோ மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு முடிவதற்குள் முதுகில் சில்லென்றது.

திரும்பினாள். இப்போது இடப்பக்க விலாவில், அதே உயரத்தில், அதே போலத் திரைத் திரையாகத் தண்ணீர்.

“டேய்!” அவள் மறுபடியும் தலையை நீட்டினாள். “அந்தப் பக்கமும் இல்லை! நடுவுல! எல்லாரும் நடுவுல!”

“நடுவுல என்ன டால்ஃபினைக் காட்டறது நான்?”

“எதையாவது காட்டு!”

ஸ்தாதிஸ் ஒரு கணம் விழித்தான். பிறகு நடுத்தட்டில் இருந்த தர்பூசணி ஒன்றைத் தூக்கி மேசைமேல் ஓங்கிப் போட்டான். அது படாரென்று வெடித்துச் சிவந்தது. “பழம்! எல்லாருக்கும் இலவசம்! ஊஸோவும் இலவசம்! முதல்ல வரவங்களுக்கு ரெண்டு கிளாஸ்!”

டால்ஃபினுக்கு ஓடியவர்கள் ஊஸோச் சாராயத்துக்குப் பறந்து வந்தார்கள். படகு சமநிலைக்கு வந்து நின்றது. பந்தெலிஸ் இஞ்சினைப் பின்னோக்கித் தள்ளி, பாறையிலிருந்து விரல் விரலாக விலக்கி வெளியே எடுத்தார். 

*

திரும்பும் வழியில் சுக்கான் அறைக்குள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வெளியே ஸ்தாதிஸ் கொடுத்த ஊஸோவில் ஆங்கிலேயர் பாட ஆரம்பித்திருந்தார்.

அர்கீரோ பார்த்ததைச் சொன்னாள். கோடு, பச்சை, திரை, இரண்டு பக்கமும்.

பந்தெலிஸ் சுக்கானிலிருந்து தலையைத் திருப்பினார். “ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

“அப்போ முடிஞ்சுது. ஒரு பக்கம்னா எங்கியோ இடிச்சிருக்குன்னு அர்த்தம், பலகையை மாத்தலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா மரமே உளுத்துப் போச்சு. இவளுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு.”

“உளுக்கலைப்பா. கத்தியால குத்திப் பார்த்தேன். முனை இறங்கலை. கல்லு மாதிரி இருக்கு.”

“கல்லு மாதிரி இருந்தா ஏன் பிளக்கணும்?”

 அதுதான் இப்போது கேள்வி. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக ஏதோ நடந்திருக்கிறது, போன வருஷம் நடக்காதது.

தொப்பி உள்ளே எட்டிப் பார்த்தது. “கேப்டன், தப்பா நினைக்காதீங்க. பொண்ணு நனைஞ்ச காலோட ஓடினதைப் பார்த்தேன். பேசினது பேசினதுதானே?”

“சூரியன் எங்க இருக்குன்னு பாருங்க முதலாளி” என்றார் பந்தெலிஸ். “அது கீழ போனதும் வாங்க.”

லவ்ரெந்திஸ் தலையை இழுத்துக்கொண்டார். அப்போது ஸ்தாதிஸ் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“அக்கா. பூட்டு எனக்குத்தானே போட்டே?”

அர்கீரோவின் கை பையில் இருந்த சாவியைத் தொட்டது.

“ஆமா” என்றாள் அவள். “நீதான் குழாயைத் திறந்து விடறேன்னு நினைச்சேன். அவர் வாங்கணும்ங்கறதுக்காக.”

“என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது உனக்கு?”

“அன்னிக்குச் சாயங்காலம் கீழேர்ந்து திருடன் மாதிரி ஏறி வந்தியே. என்ன பண்ணினே அங்க?”

 அப்பாவைப் பார்த்தான், பிறகு கண்ணாடிக்கு வெளியே தெரிந்த வைக்கோல் தொப்பியைப் பார்த்தான். “அதை உன்கிட்ட தனியா சொல்றேன். இங்க வேணாம்.”

பந்தெலிஸ் சுக்கானை இறுகப் பிடித்தார். “என் படகுல, என் காதுக்கு வேணாத பேச்சு எது?”

“அப்பா, கரை வருது” என்று சொல்லிவிட்டு ஸ்தாதிஸ் கயிறு எடுக்கப் போய்விட்டான்.

*

கூட்டம் இறங்கியது. டச்சுக்காரப் பிள்ளைகள் கையசைத்தன. ஆங்கிலேயரின் மனைவி மட்டும் ஸ்தாதிஸை நிறுத்தி, “அந்த டால்ஃபின்கள்?” என்று கேட்டாள்.

“கூச்ச சுபாவம் அம்மா. உங்களைப் பார்த்ததும் உள்ள போயிடுச்சு.”

லவ்ரெந்திஸ் படித்துறையில் இருந்த காபிக் கடையில் நாற்காலியை மேற்குப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அர்கீரோ தண்ணீர் இறைத்து முடித்து, வெளிப்பக்கம் பலகையின் இடுக்குகளைப் பார்ப்பதற்காகச் சின்னத் துடுப்புப் படகில் இறங்கினாள். அது ஆடியது. விழாமலிருக்க ஸ்மராக்தாவின் விலாவில் உள்ளங்கையை ஊன்றினாள்.

“ஆ!”

கையை உதறினாள். ரொட்டி அடுப்பின் கதவைத் தொட்டதுபோல் இருந்தது. சாயங்கால வெயில்தான். ஆனாலும் பலகை கொதித்தது.

பக்கத்தில் கட்டியிருந்த மீன்பிடிப் படகின் விலா கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதே வெயில், அதே திசை. அங்கேயும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கையை எடுத்தபோது விரலில் உப்பு ஒட்டியிருந்தது.

அந்தப் படகு வெள்ளை.

அவள் அப்படியே நின்றாள். ஸ்மராக்தாவும் வெள்ளையாகத்தான் இருந்தாள், இந்த ஈஸ்டர் வரைக்கும். துறையில் எல்லாப் படகும் வெள்ளையாக இருப்பதால் போட்டோவில் நம் படகு தனியாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி அடர்நீலம் அடித்தது ஸ்தாதிஸ். அப்பா முனகினார், ஆனால் நீலம் அடித்த பிறகு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். கறுப்புச் சட்டை போட்டவனைத்தான் வெயில் அதிகம் வாட்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். படகுக்கும் சட்டை உண்டென்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, சூடாகிறது. அது மட்டும் போதுமா? அவள் விரலில் இருந்த உப்பைப் பார்த்தாள்.

“ஸ்தாதி!”

அவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

“கடைசியா எப்படா நாம இந்த விலாவுக்குக் கடல் தண்ணி ஊத்தினோம்?”

இந்தத் துறையில் மரப்படகு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அது யோசித்துச் செய்கிற வேலையே அல்ல. சாயங்காலம் படகைக் கட்டியதும் வாளியில் கடலை மொண்டு தட்டிலும் விலாவிலும் வீசுவார்கள். பல் தேய்ப்பது மாதிரி. ஏன் என்று கேட்டால், ‘எப்பவும் அப்படித்தான்’ என்பார்கள்.

ஸ்தாதிஸ் தலையைச் சொறிந்தான். “நீலம் அடிச்சதுலேர்ந்து ஊத்தலையேக்கா. உப்பு காஞ்சா நீலத்துல வெள்ளை வெள்ளையா கோடு விழுது. போட்டோல அசிங்கமா இருக்குன்னு குழாய்த் தண்ணில கழுவித் துடைச்சு...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் முகம் வெளுத்தது.

“நான்தானா?” என்றான்.

“நீ ஓட்டை போடலை. ஆனா நீதான்” என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவளுக்கே தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. “கீழ இறங்கு. பூட்டு திறந்துதான் இருக்கு. விளக்கைப் போடாதே. வலப்பக்கம் எத்தனை கோடு தெரியுதுன்னு கத்து.”

சூரியன் கடலுக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் நின்றது. வெயில் நேராக வலப்பக்க விலாவில் விழுந்தது.

அவள் வாளியைக் கடலில் முக்கி விலாவில் வீசினாள். பலகை உஸ்ஸென்றது. மறுபடி வீசினாள். பந்தெலிஸ் மேலிருந்து பார்த்தார்.  பழைய சாக்குகளைக் கொண்டுவந்து கடலில் நனைத்து, கம்பியில் கட்டி, விலா முழுவதும் தொங்கவிட்டார். இடப்பக்கத்துக்கும் அவரே போனார். அவர் உடம்பு அந்த வேலையை மறக்கவில்லை.

உள்ளேயிருந்து கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஸ்தாதிஸின் குரல். “தண்ணி உள்ள வருது! பயங்கரமா வருது!”

“வரட்டும்! குடிக்கட்டும்!”

வாளி, வாளி, வாளி. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சூரியன் ஒரு பனை இறங்கியது. காபிக் கடையிலிருந்து லவ்ரெந்திஸ் எழுந்து நின்றார்.

“சாக்கைத் தூக்குங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தூக்கினார்கள். அவள் ஈர விலாவில் காதை வைத்தாள்.

“என்னடா ஆச்சு?”

“இரு, அக்கா... கீழ்க்கோடு துண்டு துண்டா இருந்துதே, அதுல ரெண்டு துண்டைக் காணோம்! நிஜமா! மேல்கோடு அப்படியேதான் இருக்கு. ஆனா கீழது மூடுது!”

பந்தெலிஸ் வாளியைக் கீழே வைத்தார். விலாவின் ஈரப் பலகையைக் கையால் அழுத்தித் தடவினார். “தண்ணிலயே கிடக்கிற படகு தாகத்துல சாகுமா?” என்றார் தனக்குத்தானே. “எத்தனை வருஷமா கடல்ல இருக்கேன்.”

லவ்ரெந்திஸ் படித்துறை ஓரத்துக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொட்டது.

“கேப்டன், நேரமாச்சு. காரணம் தெரிஞ்சுதா?”

“என்னைக் கேக்காதீங்க. என் பொண்ணைக் கேளுங்க.”

ஸ்தாதிஸ் தலைமுடியெல்லாம் சொட்டச் சொட்ட மூடியிலிருந்து ஏறி வந்தான். லவ்ரெந்திஸின் கண் ஒரு நொடி அவன்மேல் போய்த் தங்கி, விலகியது. அவன் குனிந்துகொண்டான். அர்கீரோ இரண்டையும் கவனித்தாள். இது முடியட்டும், அப்புறம் அதைக் கேட்பேன் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, படகிலிருந்தே நிமிர்ந்து பதில் சொன்னாள்.

“தெரிஞ்சுதுங்க. மரம் உளுக்கலை, ஓட்டையும் இல்லை. கறுநீலம் வெயிலை இழுத்துது, மரத்துல ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற உப்புத் தண்ணியை நாங்க ஊத்தறதை விட்டுட்டோம். அதனால தண்ணிக்கு மேல இருக்கிற பலகை காஞ்சு சுருங்கி இடுக்கு விட்டுடுச்சு. ஜனங்க ஒரே பக்கம் ஓடினா படகு சாஞ்சு அந்த இடுக்கு கடலுக்குள்ள போகுது, தண்ணி வருது. இனிமே காலைலயும் சாயங்காலமும் ரெண்டு பக்கமும் கடல் தண்ணி வீசணும், நடுவுல ஈரச் சாக்கு போட்டு வைக்கணும். பலகை ஊறி எல்லாக் கோடும் மூடற வரைக்கும் ஆள் ஏத்த மாட்டோம். மூடினதும் சுரண்டிட்டு வெள்ளை அடிப்போம்.”

“அப்போ படகு எங்களோடதான்” என்றார் பந்தெலிஸ்; லவ்ரெந்திஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்ததும் அர்கீரோ தம்பியிடம் திரும்பினாள்: “இப்ப சொல்லு, அன்னிக்குக் கீழ என்ன பண்ணினே?”